போபால்: 40 ஆண்டுகள் ஆகியும் முடியாத கணக்கு

1984-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

மத்திய பிரதேசத்தின் தலைநகரம் போபால். ஏரிகள் நிறைந்த அழகான ஊர். அன்று நல்ல குளிர். ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டு இருந்தார்கள்.

நடுநிசி தாண்டியது. திடீர் என்று கண் எரிந்தது. தொண்டை எரிந்தது. "யாரோ மிளகாய் வற்றலை நெருப்பில் போட்டுவிட்டார்கள்" என்று பலர் நினைத்தார்கள்.

அது மிளகாய் நெடி அல்ல. விஷ வாயு!

விடிவதற்குள் தெருத் தெருவாகப் பிணங்கள் கிடந்தன. தாயின் இடுப்பில் இருந்த குழந்தைகள் இறந்து போயின. ஆஸ்பத்திரிகளில் நிற்கவும் இடம் இல்லை. உலகத்தில் நடந்த தொழிற்சாலை விபத்துகளில் இதுவே மிகப் பெரியது என்று சொல்லப்படுகிறது.

இது நடந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு கேள்வி இன்னும் தீரவில்லை. நம் நாடு அந்த மக்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ததா?

தூங்கிய காவல்காரர்கள்

போபாலில் "யூனியன் கார்பைடு" கம்பெனியின் பூச்சி மருந்துத் தொழிற்சாலை இருந்தது. 1969-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 100-க்கு 51 பங்கு அமெரிக்கக் கம்பெனியுடையது. மீதிப் பங்குகள் இந்தியாவில் இருந்தன. நம் அரசாங்கத்தின் நிதி நிறுவனங்களும் பங்கு வைத்து இருந்தன.

பூச்சி மருந்து செய்ய "மெத்தில் ஐசோசயனேட்" என்ற திரவம் வேண்டும். இது பொல்லாத விஷம். தண்ணீர் பட்டால் சூடாகிக் கொதிக்கும். ஆவியாகக் கிளம்பும். அதனால் குளிர வைத்தே காக்க வேண்டும்.

அன்று இரவு 610-ம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சுமார் 40 டன் விஷம் காற்றில் கலந்தது.

தண்ணீர் எப்படிப் போயிற்று? "குழாய்களைக் கழுவியபோது போயிற்று" என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். "யாரோ ஒரு தொழிலாளி வேண்டும் என்றே ஊற்றினான்" என்று கம்பெனி சொன்னது.

யார் சொல்வது உண்மையாக இருந்தாலும் சரி. தண்ணீர் புகுந்தாலும் ஊருக்கு ஆபத்து வராமல் தடுக்கத்தானே பாதுகாப்புச் சாதனங்கள் இருந்தன? அவை என்ன ஆயின?

விஷத்தைக் குளிர வைக்கும் எந்திரம் ஒன்று. அதைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

வெளியேறும் வாயுவை எரித்துவிடும் கோபுரம் ஒன்று. அதன் குழாயை ரிப்பேருக்காகக் கழற்றி வைத்து இருந்தார்கள்.

வாயுவை மருந்து நீரால் கழுவி விஷத்தை முறிக்கும் சாதனம் ஒன்று. அது தயார் நிலையில் இல்லை. இருந்து இருந்தாலும் அவ்வளவு வாயுவை அது தாங்கி இருக்காது.

தண்ணீரைப் பீய்ச்சி வாயுவை அடக்கும் குழாய்கள் இருந்தன. அந்தத் தண்ணீர், வாயு கிளம்பிய உயரத்துக்கு எட்டவில்லை.

வீட்டுக்கு 4 காவல்காரர்கள். திருடன் வந்த இரவில் நால்வரும் தூக்கம்! இதை விபத்து என்ற ஒரு சொல்லில் முடித்துவிட முடியுமா?

முன்பே வந்த எச்சரிக்கை

ஆபத்து சொல்லாமல் வரவில்லை. 1981-ம் ஆண்டு கடைசியில் அதே ஆலையில் விஷ வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார்.

1982-ம் ஆண்டு, ராஜ்குமார் கேஸ்வானி என்ற போபால் பத்திரிகையாளர், "இந்த ஊர் எரிமலையின் வாயில் உட்கார்ந்து இருக்கிறது" என்ற கருத்தில் எழுதினார். ஒரு தடவை அல்ல. மீண்டும் மீண்டும் எழுதினார். அதே 1982-ல் அமெரிக்காவில் இருந்து வந்த கம்பெனி நிபுணர்களும் ஆலையில் உள்ள குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள்.

கேட்பார் இல்லை.

ஒரு ஈரத் துணி

இன்னொன்றை நினைத்தால் நெஞ்சு வேகிறது.

அந்த வாயு தண்ணீரில் கரைந்து வீரியம் இழக்கும். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஓடாமல் படுத்து இருந்தால் பலர் பிழைத்து இருப்பார்கள்.

இதை மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆபத்துச் சங்கு ஊதியது, உடனே நின்றுவிட்டது. ஜனங்கள் தெருவில் இறங்கி ஓடினார்கள். ஓட ஓட மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க வாங்க விஷம் உள்ளே போயிற்று.

"இது என்ன வாயு? என்ன மருந்து கொடுப்பது?" என்று டாக்டர்கள் கேட்டார்கள். "கண்ணீர்ப் புகை மாதிரிதான். கண்ணைத் தண்ணீரில் கழுவுங்கள்" என்று பதில் வந்தது.

அந்த இரவில் தன்னை மறந்து உழைத்தவர்களும் உண்டு. ரயில் நிலைய அதிகாரி குலாம் தஸ்தகீர் அவர்களில் ஒருவர். மேல் அதிகாரியின் உத்தரவுக்குக் காத்து இராமல், நிலையத்தில் நின்ற ரயிலை முன்கூட்டியே அனுப்பி, பயணிகளைக் காப்பாற்றினார். விஷம் அவர் உடலையும் கெடுத்தது. நோயில் வாடி 2003-ல் இறந்தார்.

வந்தார், போனார்!

கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சன், டிசம்பர் 7-ந் தேதி அமெரிக்காவில் இருந்து போபாலுக்கு வந்தார். கைது செய்யப்பட்டார். அன்றே 25 ஆயிரம் ரூபாய் ஜாமீனில் விடுதலை! மாநில அரசாங்கத்தின் விமானத்திலேயே டெல்லிக்கு அனுப்பப்பட்டார். அங்கு இருந்து அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

பிறகு அவர் திரும்பி வரவே இல்லை. 1992-ல் போபால் கோர்ட்டு அவரைத் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்தது. 2003-ல்தான் "அவரை ஒப்படையுங்கள்" என்று இந்தியா முறைப்படி கேட்டது. அமெரிக்கா மறுத்துவிட்டது. 2014-ல் தன் 92-வது வயதில் அவர் இறந்தார். ஒரு நாள் கூட இந்தியக் கோர்ட்டில் விசாரணைக்கு நிற்கவில்லை.

அரசாங்கமே பெற்றோர்

1985-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. பாதிக்கப்பட்டவர்கள் எல்லோருக்காகவும் மத்திய அரசாங்கமே வழக்கு நடத்தும் என்பது அந்தச் சட்டம். பிள்ளைகளுக்காகப் பெற்றோர் வழக்கு ஆடுவது போல.

அமெரிக்கக் கோர்ட்டில் இந்தியா கேட்ட நஷ்டஈடு 330 கோடி டாலர். "இந்த வழக்கை இந்தியாவிலேயே நடத்துங்கள்" என்று 1986-ல் அந்தக் கோர்ட்டு திருப்பி அனுப்பியது.

1989-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டில் சமரசம் ஆயிற்று. கம்பெனி கொடுக்க ஒப்புக்கொண்டது 47 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 715 கோடி ரூபாய். கேட்டதில் 7-ல் ஒரு பங்கு! கிரிமினல் வழக்குகளும் கைவிடப்படும் என்பது நிபந்தனை.

இது சரியா?

"சரிதான்" என்பவர்களின் வாதம் இது: வழக்கு நடந்தால் 20, 30 ஆண்டுகள் ஆகும். கம்பெனியின் சொத்து அமெரிக்காவில் இருக்கிறது. தீர்ப்பு வந்தாலும் பணத்தை அங்கே போய் வசூலிக்க வேண்டும். அதற்குள் நோயாளிகள் செத்துப்போவார்கள். கைக்கு வந்த பணமே மேல்.

"தவறு" என்பவர்களின் வாதம் இது: பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி முடிப்பதற்கு முன்பே எப்படி விலை பேசலாம்? பெற்றோர் ஸ்தானத்தில் நின்றவர்கள், பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டார்களா? பணத்துக்காகக் குற்ற வழக்கை விடலாமா?

இரண்டாவது வாதத்தின் ஒரு பகுதியைச் சுப்ரீம் கோர்ட்டே பிறகு ஏற்றது. 1991-ல் கிரிமினல் வழக்குகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. பணத் தொகை மட்டும் மாறவில்லை.

கணக்குப் பார்ப்போம்

சமரசம் ஆனபோது, இறந்தவர்கள் சுமார் 3 ஆயிரம் பேர் என்று எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில், 5 ஆயிரத்துக்கும் அதிகமான சாவுகளுக்கு நஷ்டஈடு தரப்பட்டது. காயம் அடைந்தவர்களையும் சேர்த்து நஷ்டஈடு பெற்றவர்கள் சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் பேர். உண்மையில் இறந்தவர்கள் 20 ஆயிரத்துக்கும் மேல் என்று பாதிக்கப்பட்டோர் சங்கங்கள் சொல்கின்றன.

715 கோடி ரூபாயை 5 லட்சத்து 70 ஆயிரம் பேருக்குப் பங்கு போட்டால், தலைக்குச் சுமார் 12,500 ரூபாய்தான்!

டாலர் விலை ஏறியது. வட்டியும் சேர்ந்தது. அதனால் காயம் அடைந்தவர்களில் பெரும்பாலோருக்கு 25 ஆயிரம் ரூபாய் கிடைத்தது. 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி மீதிப் பணத்தைப் பிரித்தபோது, இன்னொரு 25 ஆயிரம் வந்தது. நுரையீரல் கெட்டு, மூட்டை தூக்க முடியாமல் போன தொழிலாளிக்கு, 20 ஆண்டு வாழ்க்கைக்கு இது எந்த மூலைக்கு?

2010-ல் மத்திய அரசாங்கம் விழித்துக்கொண்டது. "இன்னும் 7 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும்" என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் அந்த மனு தள்ளுபடி ஆயிற்று. இத்தனை ஆண்டு கழித்துச் சமரசத்தைத் திறக்க முடியாது என்பது தீர்ப்பு. பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்சூரன்சு எடுக்கும்படி 1991-லேயே சொல்லியும், அரசாங்கம் அதைச் செய்யவில்லை என்று நீதிபதிகள் கண்டித்தார்கள்.

25 ஆண்டு விசாரணை. 2 ஆண்டு தண்டனை

முதலில் போட்ட குற்றப்பிரிவுப்படி 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை கொடுக்கலாம். 1996-ல் அது குறைக்கப்பட்டது. கவனக்குறைவாக லாரி ஓட்டி ஆளைக் கொன்றவருக்கு எந்தப் பிரிவோ, அதே பிரிவு! அதிகபட்சம் 2 ஆண்டு.

2010-ம் ஆண்டு ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. இந்தியக் கம்பெனியின் முன்னாள் அதிகாரிகள் 7 பேருக்கு 2 ஆண்டு தண்டனை. அன்றே ஜாமீன்!

ஆலைக்குள் கிடந்த விஷக் குப்பையில் 337 டன், 2025 ஜனவரியில்தான் பீதாம்பூருக்கு லாரிகளில் கொண்டு போகப்பட்டது. "எங்கள் ஊருக்கு ஏன்?" என்று அங்குள்ள மக்கள் போராடினார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அது எரிக்கப்பட்டது. ஆலையைச் சுற்றி உள்ள மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த விஷத்தை அகற்றும் வேலை முடியவில்லை.

நாடு சும்மா இருந்ததா?

அப்படிச் சொல்லவும் கூடாது. 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆலையில் என்ன ஆபத்து உண்டு என்று தொழிலாளர்களுக்கும் சுற்றி உள்ள மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது இப்போது சட்டம். 1991-ல், வெளியாருக்கு ஏற்படும் தீங்குக்கு ஆலைகள் இன்சூரன்சு செய்ய வேண்டும் என்ற சட்டமும் வந்தது. ஆபத்தான தொழில் நடத்துகிறவர், யார் தவறு என்று சாக்குச் சொல்லாமல் நஷ்டஈடு தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

சட்டம் இருக்கிறது. நடைமுறை?

2020-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி, விசாகப்பட்டினத்தில் ஒரு ஆலையில் இருந்து விஷ வாயு கசிந்தது. அதுவும் மக்கள் தூங்கும் நேரம். 12 பேர் இறந்தார்கள். அங்கும் ஆபத்துச் சங்கு ஊதவில்லை!

நாம் கேட்க வேண்டியது

சமரசத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பசித்தவனுக்குக் கையில் காசு வேண்டும். ஆனால் எண்ணாமல் விலை பேசியது பெரிய பிழை. நோய் 20 ஆண்டு கழித்தும் வரும் என்றால், "பிறகு வருகிறவர்களுக்குத் தனியாகத் தருவோம்" என்று ஒரு வரி எழுதி வாங்கி இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் 2023-ல் கதவு மூடியது.

ஆண்டர்சனை மட்டும் திட்டிக்கொண்டு இருப்பதிலும் பயன் இல்லை. குளிர் எந்திரத்தை நிறுத்தியபோது, அதைப் பார்த்துத் தடுக்க வேண்டிய அதிகாரிகள் நம் நாட்டில் இருந்தார்கள். எச்சரிக்கையைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்களும் நம்மவர்களே.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரசாயன ஆலை இருக்கிறதா? அங்கே என்ன செய்கிறார்கள், சங்கு ஊதினால் எந்தப் பக்கம் போக வேண்டும், மூக்கில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள். பஞ்சாயத்தில் கேளுங்கள். கலெக்டருக்கு மனு எழுதிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்வது அவர்கள் கடமை.

போபால் மக்களுக்கு அந்த ஒரு தகவல் கிடைத்து இருந்தால், ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துண்டுத் துணியும் ஆயிரம் உயிர்களைக் காப்பாற்றி இருக்கும்.