கட்டுப் பிரித்த பிறகும் கை எரிந்தால்

மழைக் காலத்தில் மலையில் கால் வழுக்கிக் கானில் விழுவது நமக்குப் புதிதல்ல. விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிகிறது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, சில கிழமைகளில் பிரிக்கிறார்கள். அநேகருக்குக் கை மெல்லத் தேறிவிடும். சிலருக்குத் தேறுவதில்லை. எலும்பு ஒட்டிய பிறகும் கை தீயில் வைத்தது போல் எரியும். சட்டைத் துணி உரசினாலே உயிர் போகும். கை வீங்கும், சிவக்கும், சில வேளை நீலம் பாரிக்கும். மற்றக் கையை விடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கும். விரல் மடங்காது. மடங்காத விரலால் கொழுந்து கிள்ளுவது எப்படி?

எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருப்பதால், பிரட்டில் இவர்களுக்குக் கிடைக்கும் பெயர் "வேலைக் கள்ளி". லயத்திலோ செய்வினை என்று பேச்சு. இரண்டும் தவறு. இது உண்மையான நோய். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1860களில், குண்டடிபட்ட சிப்பாய்களிடம் இத்தகைய எரிவை வெய்ர் மிட்செல் என்ற வைத்தியர் விவரித்தார். 1994இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வைத்த பெயர் 'காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சின்ட்ரோம்'. காயம் ஆறிய பிறகும் நரம்புகளும் மூளையும் ஆபத்து என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. சுளுக்கு, சத்திரசிகிச்சைக்குப் பின்னும் வரலாம். ஆண்களை விடப் பெண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். நம் மலைகளில் கொழுந்து பறிப்பவர்கள் யார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதைக் காட்ட ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை கிடையாது. வைத்தியர் இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்கிறார். ஆகவே எரிவு, வீக்கம், நிற மாற்றம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வலிக்கிறதே என்று கையைத் தூளியில் போட்டு வைப்பதும், பத்துப் போட்டு இறுக்கிக் கட்டுவதும் கையை மேலும் விறைக்க வைக்கும். இயன்மருத்துவர் காட்டும் விதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அசைப்பதே முக்கிய சிகிச்சை; வலி மருந்து அதற்குத் துணை. நல்ல கையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்யும் முறையும் உண்டு. கை இழந்தவர்களின் வலிக்காக அதைக் கொண்டுவந்தவர் தமிழ்நாட்டில் பிறந்த வைத்தியர் வி.எஸ். இராமச்சந்திரன். சீக்கிரம் தொடங்கினால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் குறைகிறது. சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: கட்டு இருக்கும்போதே விரல் மரத்து, நீலமாகி, வலி தாங்க முடியாமல் போனால் அது வேறு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இயன்மருத்துவத்துக்கு நுவரெலியா போய்வர ஒரு நாள் போகிறது, அன்றைய பேரும் போகிறது. ஆகவே பலர் இரண்டாம் முறை போவதில்லை. இங்கேதான் சங்கத்தின் வேலை இருக்கிறது. வேலையின்போது, வேலை காரணமாக ஏற்பட்ட விபத்துக் காயத்துக்கு நட்டஈடு உண்டு என்பது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பின்னால் நீடிக்கும் இந்த வலியும் அந்தக் காயத்தின் தொடர்ச்சியே என்பது நமது நிலைப்பாடு. விழுந்த அன்றே தோட்டத்தில் பதியச் செய்யுங்கள். கிளினிக் கொப்பி, துண்டு எதையும் எறியாதீர்கள். கை தேறும் வரை நிறை கேட்காத இலேசான வேலை கொடுக்கும்படி நிர்வாகங்களைக் கேட்கிறோம்.

கட்டுப் பிரித்தும் எரிவு தணியாத தோழிகள், தோழர்கள் தமது தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ இந்த மாதமே பெயரைக் கொடுங்கள்.