வீடு திரும்பிய பாரிஸ்டர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

அயல்நாடு சென்று வந்தவரைக் கண்டால் நாம் கேட்கும் கேள்விகளெல்லாம் அந்த நாட்டைப் பற்றியவையே. குளிர் தாங்குகிறதா? சாப்பாடு எப்படி? சம்பளம் எவ்வளவு? திரும்பி வந்த முதல் நாள் சொந்த வீட்டுத் திண்ணையில் எப்படி உட்கார்ந்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. போவதைவிடத் திரும்பி வருவதே கடினம் என்பது என் எண்ணம். அதற்குச் சான்றாக நாம் அனைவரும் அறிந்த ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன்.

காந்தியடிகளின் வரலாற்றில் இலண்டன் படிப்பு முடிந்ததும் நம் பாடநூல்கள் அவரைத் தென்னாப்பிரிக்க இரயிலில் ஏற்றிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே, 1891 முதல் 1893 ஏப்ரல் வரை, அவர் ஊரில் இருந்தார். "சத்திய சோதனை"யில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நம் நூலகத்துப் பிரதியில் அந்தப் பக்கங்கள் மட்டும் கசங்காமல் புதிதாக இருக்கின்றன!

1888இல் கப்பலேறியபோது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. மதுவையும் மாமிசத்தையும் மாதரையும் தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனார். இலண்டனில் மேற்குக் கென்சிங்டன் பகுதியில் ஒரு விதவை அம்மையார் வீட்டில் தங்கினார். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று அந்த அம்மையார் நாள்தோறும் கேட்பாராம். இவரோ கூச்சத்தால் பசியைச் சொல்ல மாட்டார். அம்மையாரின் பெண்கள் இருவரும் கூடுதலாக ஒன்றிரண்டு ரொட்டித் துண்டு வைப்பார்கள். முழு ரொட்டியே வைத்தால்தான் அவர் வயிறு நிறையும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிறர் வீட்டில் உண்டு படித்தவர்களுக்கு இந்தப் பசி புரியும்.

பின்னர்ச் செலவைக் குறைக்க எண்ணித் தனி அறைக்குப் போனார். ஓர் அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும். இரவில் ரொட்டியும் கோகோவும். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ்தான். அண்ணன் அனுப்பும் பணம் என்ற நினைவு அவரை அப்படி வாழச் செய்தது.

1891 ஜூன் 10இல் பாரிஸ்டர் ஆனார். 12ஆம் நாள் கப்பல். தாயைக் காணும் ஆவலோடு பம்பாயில் இறங்கியவரை அண்ணன் எதிர்கொண்டார். தாய் முன்பே இறந்துபோயிருந்தார். தொலைவில் தனியே இருப்பவன் தாங்க மாட்டான் என்று செய்தியை மறைத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் சத்தியத்தைக் காத்து வந்தவர், காத்தேன் என்று சொல்ல வேண்டிய ஒருவர் இல்லை. இதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு வயது போதாது.

இராஜ்கோட் வீட்டில் நடந்ததுதான் வியப்பு. தேநீரும் பீங்கான் கோப்பையும் முன்பே அண்ணன் தயவில் வந்திருந்தன. தம்பி தம் பங்குக்கு ஓட்ஸ் கஞ்சியையும் கோகோவையும் புகுத்தினார். தேநீருக்கும் காப்பிக்கும் பதிலாக வந்த கோகோ, அவற்றோடு மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டது! பூட்சு இருந்தது, ஐரோப்பிய உடையும் ஏறியது. செலவு வளர்ந்தது, வருமானம் இல்லை. பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்றவருக்கு நாக்கு எழவில்லை. வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பள்ளியில் எழுபத்தைந்து ரூபாய் ஆசிரியர் வேலை கேட்டார், பி.ஏ. பட்டம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். (பட்டத்துக்காகப் பாடுபடும் நமக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி.)

எண்ணிப் பாருங்கள். இலண்டனில் சிக்கனமாக இருந்த அதே கஞ்சி, அதே கோகோ, இராஜ்கோட்டில் ஆடம்பரமாகிவிட்டது! பொருள் மாறவில்லை, இடம் மாறிவிட்டது. திரும்பி வருபவர் செருக்கினால் இப்படிச் செய்கிறார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் அப்படி எண்ணவில்லை. அங்கே தனிமையில் கைகொடுத்த பழக்கத்தை இங்கே அன்போடுதான் கொண்டுவருகிறார். ஆனால் அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று பார்ப்பதில்லை. அங்கே எண்ணிய பென்ஸை இங்கே ஏன் எண்ணவில்லை?

அப்படியானால் வந்தவர் எதையுமே மாற்றக் கூடாதா என்று நண்பர்கள் கேட்கலாம். அதுவும் இல்லை. கடல் கடந்ததற்காகச் சாதியார் அவரை விலக்கியிருந்தனர்; வழியனுப்பச் சென்றவருக்கும் ஒரு ரூபாய் நாலணா தண்டம் என்று அன்றே அறிவித்திருந்தனர். திரும்பி வந்த பின்னும் ஒரு சாரார் விலக்கை நீக்கவில்லை. மாமனார் வீட்டார் இரகசியமாக உபசரிக்க ஆயத்தமாக இருந்தனர். ஊரறியச் செய்ய முடியாததை ஒளிந்து செய்ய மாட்டேன் என்று அவர் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சண்டையும் போடவில்லை. கோகோவைப் புகுத்திய அதே ஆள்தான் இதிலும் உறுதியாக நின்றார்.

ஒரு முறை திரும்பியதில் பாடம் முடிந்துவிட்டதா? இல்லை. 1896இல் மீண்டும் ஊருக்கு வந்து மனைவி மக்களை அழைத்துச் சென்றபோது, அவர்களுக்குப் பார்சி உடையும் காலுறையும் பூட்சும் மாட்டி, கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணச் செய்தார். கால்விரல் நொந்தது அவர்களுக்குத்தான்!

நான் கடல் கடந்தவன் அல்லன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்களுக்கு விடுதியே சீமைதான். சென்ற பொங்கல் விடுமுறையில், காலையில் பழைய சோறு செல்லாது, காப்பிதான் வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். இரண்டு வேளையும் காப்பி வந்தது. மூன்றாம் நாள்தான் பால் கடைப் பாக்கெட்டில் வருவதைக் கவனித்தேன். தொழுவத்தில் விறகு அடுக்கியிருந்தது. விடுதிக் கட்டணம் கட்டிய மாதத்திலேயே மாடு போய்விட்டதாம். வாரம் இருமுறை கைபேசியில் பேசியும் ஒருவரும் மூச்சு விடவில்லை.

"படிக்கிற புள்ளைகிட்ட இதையெல்லாம் சொல்லுவாங்களா?" என்றார் அம்மா, டம்ளரை என் முன் வைத்தபடி.