வீட்டுக் கதவின் சாவி யாரிடம்?

கொச்சி நகரின் தேவராவிலிருந்து பாலம் கடந்தால் வில்லிங்டன் தீவு. அங்குள்ள வாத்துருத்தி குடியிருப்பில் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கின்றன. இத்தகைய தொழிலாளி ஒருவர் தேவராவில் குடியிருக்கும் வாடகை வீட்டில் பழைய கணினி ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். அதில் லினக்ஸை நிறுவி, சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் கூலிக் கணக்கையும் பிள்ளைகளின் தமிழ்ப் பாடங்களையும் சேமித்தால் அது ஒரு சர்வர் ஆகிவிடும். மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. பிராட்பேண்ட் இணைப்பும் இருக்கிறது. ஆனால் வேலைத்தலத்திலிருந்தோ சொந்த ஊரிலிருந்தோ அந்தக் கணினியை எட்ட முடியுமா? பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் முடியாது.

இந்த 'முடியாது' தொழில்நுட்பத்தின் இயல்பல்ல. இணையத்தின் அடிப்படை வடிவமைப்பில் கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவு கிடையாது. இணைக்கப்பட்ட எந்தக் கணினியும் இன்னொரு கணினியை நேராக அழைக்கலாம். அதற்கு ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி வேண்டும். ஐபிவி4 என்ற பழைய முறையில் மொத்தமே 429 கோடி முகவரிகள்தான். அவற்றின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் உலகின் வட்டாரப் பதிவகங்களுக்குப் பங்கிடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்து, பங்கீட்டுமுறை அமலானது.

பற்றாக்குறைக்கு நிறுவனங்கள் கண்ட வழி, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துவது. இதற்கு சிஜிநாட் என்று பெயர். லாட்ஜ் ஒன்றின் முகவரிக்கு அறை எண் இல்லாமல் கடிதம் வந்தால் அது உரியவரைச் சேராது. அதுபோலவே வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்த வீட்டுக்குரியது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காணப்படும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அந்த வீடு இந்த வரிசையில் நிற்கிறது என்று பொருள்.

இதைத் தாண்ட இன்று மூன்று வழிகள் உண்டு. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி பெறலாம். வெளியே ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுத்து, வயர்கார்டு போன்ற கட்டற்ற மென்பொருளால் வீட்டுக் கணினியிலிருந்து அதற்கு மறையாக்கப்பட்ட சுரங்கப்பாதை அமைக்கலாம். அல்லது அமெரிக்க நிறுவனம் ஏதாவதொன்று இலவசமாகத் தரும் பாதையில் ஏறிக்கொள்ளலாம். முதல் இரண்டில் பணம் போகிறது. மூன்றாவதில் கட்டுப்பாடு போகிறது. இந்தத் தொல்லையெல்லாம் எதற்கென்று சங்கத்தின் கணக்கை கூகுள் டிரைவில் போட்டுவிடுவதே பலரின் வழக்கமாகிவிட்டது.

அதன் விலை என்னவென்று அண்மை நிகழ்வுகள் காட்டியுள்ளன. 2021 பிப்ரவரி 1 அன்று, ஒன்றிய அரசின் உத்தரவின்பேரில், விவசாயிகள் போராட்டத்தின் குரலாக இருந்த கிசான் ஏக்தா மோர்ச்சாவின் ட்விட்டர் கணக்கு இந்தியாவில் முடக்கப்பட்டது. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்தியது. அந்நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகே சேவை மீண்டது. பெருமூலதனத்துக்கே இந்த நிலை என்றால், வழக்கறிஞர் கட்டணம் கட்ட வழியில்லாத ஒரு கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தின் பதிவேடு எம்மாத்திரம்?

வீட்டுக் கணினியை வெளியுலகுக்குத் திறப்பது ஆபத்து, மூடி வைப்பதே பாதுகாப்பு என்று ஒரு வாதம் உண்டு. அதைப் புறந்தள்ள முடியாது. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலேயே இடப்பட்ட கடவுச்சொற்கள் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி, பெரிய இணையத் தாக்குதல்களை நடத்தியது. எனவே கதவு இயல்பில் மூடியிருப்பது சரியே. கடவுச்சொல்லுக்குப் பதில் மறையீட்டுச் சாவி, தேவையான ஒரு போர்ட்டை மட்டும் திறத்தல், தவறாத மென்பொருள் புதுப்பிப்பு ஆகியவை இல்லாமல் எவரும் இதில் இறங்கக் கூடாது. ஆனால் பூட்டு இருக்க வேண்டும் என்பது வேறு; பூட்டின் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கக் கூடாது என்பது வேறு.

முகவரிப் பஞ்சம் என்ற காரணமும் இனி நிற்காது. ஐபிவி6 முறையில் முகவரிகளுக்குப் பஞ்சமே இல்லை. அதை அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியாவும் முன்வரிசையில் உள்ளது. அந்த முகவரியை வீட்டுக்குத் தந்து, உள்வரும் அழைப்பை அனுமதிக்கும் உரிமையை மட்டும் நிறுவனமே வைத்துக்கொண்டால், அது பற்றாக்குறை அல்ல, வணிகக் கொள்கை.

கேரளம் இதில் வழிகாட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது. கொச்சிக் கரைக்கு வந்த கடலடிக் கேபிள்களை அன்று பொதுத்துறை நிறுவனமான விஎஸ்என்எல் கையாண்டது. வாஜ்பாய் அரசு 2002இல் அதை டாடாவிடம் ஒப்படைத்தது. அதற்கு நேரெதிரான பாதையில், மின்வாரியத்தின் கம்பங்கள் வழியே சுமார் 30 ஆயிரம் கிலோமீட்டர் ஃபைபர் கேபிள் என்ற திட்டத்துடன் உருவான கே-ஃபோன் வலைப்பின்னலை, இடது ஜனநாயக முன்னணி அரசு 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை வேரூன்றச் செய்த மாநிலமும் அதுவே.

பொதுவுடைமையான வலைப்பின்னலின் பெருமை மலிவான வேகத்தோடு முடிந்துவிடக் கூடாது. கே-ஃபோனாயினும் பிஎஸ்என்எல்லாயினும் தமிழ்நாட்டின் டான்ஃபிநெட்டாயினும், கேட்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் கூடுதல் கட்டணமின்றி வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி தர வேண்டும். பாதுகாப்பாக அதைப் பயன்படுத்தும் பயிற்சியை நூலகங்களும் சங்க அலுவலகங்களும் அளிக்கலாம். தனியார் நிறுவனங்களுக்கும் இதைக் கட்டாயமாக்க டிராய் விதி வகுக்க வேண்டும்.

2016 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை டிராயின் உத்தரவு தடுத்து நிறுத்தியதற்குப் பின்னால் லட்சக்கணக்கான மக்களின் எதிர்ப்பு இருந்தது. உழைப்பாளி எதைப் பெறலாம் என்பதை நிறுவனம் முடிவு செய்யக் கூடாது என்பதே அன்றைய முழக்கம். அவர் எதைத் தரலாம், எங்கிருந்து பேசலாம் என்பதையும் நிறுவனம் முடிவு செய்யக் கூடாது என்பது அதன் மறுபாதி. அந்தப் பாதிப் போராட்டம் இன்னும் மிச்சமிருக்கிறது.