மூத்த மகனின் இறையியல்

பாவநிவாரணம் கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுத்தூண். பாவத்தால் முறிந்துபோன கடவுள் – மனிதர் உறவு, இயேசுவின் வாழ்வாலும் மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் சீரானது என்பதே அதன் சாரம். எப்படிச் சீரானது என்ற கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் மற்றவற்றையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, தானே ஆதிமுதல் இருந்துவரும் ஒரே சுவிசேஷம் என்று நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாவத்துக்குத் தண்டனை கொடுத்தே தீரவேண்டிய கடவுள், மனிதரை விட்டுவிட்டு அந்தத் தண்டனையைத் தம் மகன்மேல் இறக்கினார், கோபம் தணிந்தது, கணக்கு தீர்ந்தது. இதுதான் அந்த விடை. இறையியலில் இதைப் பதிலாள் தண்டனைக் கோட்பாடு எனலாம்.

இந்த ஆண்டுப் புனித வெள்ளியிலும் பிரசங்க மேடைகளில் இதற்குச் சான்றாக வந்து நின்றது அதே பழைய நீதிபதி கதைதான். குற்றவாளிக்கு அபராதம் விதித்த நீதிபதி அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு இறங்கிவந்து, தம் சட்டைப்பையிலிருந்தே பணத்தை எடுத்துக் கட்டுகிறார். சபை கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. கதையில் எப்போதும் அபராதம்தான் வரும் என்பது கவனிக்கத்தக்கது. அபராதத்தை மாமனும் கட்டலாம், மச்சானும் கட்டலாம். ஒருவனுக்குரிய தூக்கை இன்னொருவன் ஏற்க எந்த நீதிமன்றமும் விடாது. கொலைகாரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தம் சொந்த மகனைத் தூக்கிலேற்றிய நீதிபதி என்று கதையை மாற்றிச் சொன்னால் சபை கண்ணைத் துடைக்காது, போலீசைக் கூப்பிடும். நம்பச் சொல்வது இந்த இரண்டாவது கதையை. வாய் திறந்து சொல்வது முதலாவதை.

இயேசுவே சொன்ன கதை ஒன்று இருக்கிறது. லூக்கா சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரம், கெட்ட குமாரன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளையவன், வழியிலேயே ஒரு ஏற்பாட்டை யோசித்து வைத்திருக்கிறான்: மகன் என்ற தகுதி போய்விட்டது, கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்போம் என்று. ஏதோ ஒரு வகையில் ஈடு கட்டிவிடலாம் என்பது அவன் எண்ணம். தந்தை ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். மகன் மன்னிப்புக் கேட்டு முடித்து, கூலியாள் யோசனைக்கு வருமுன்பே அங்கியும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். அவன் ஒத்திகை பார்த்த பேச்சின் கடைசி வரி கதையில் ஒலிப்பதே இல்லை. தந்தை வேறு யாரையும் கூப்பிட்டுப் பதிலுக்கு அடிக்கவும் இல்லை. கதையில் உயிர்விடுவது கொழுத்த கன்று ஒன்றுதான். அதுவும் விருந்துக்கு.

கணக்குப் பார்ப்பவன் அந்தக் கதையில் ஒருவன் இருக்கிறான், மூத்தவன். இத்தனை வருடம் உழைத்தேன், ஒரு ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லை, சொத்தை அழித்தவனுக்கு விருந்தா என்று வாசலில் நின்று வாதாடுகிறான். நீதி நிறைவேறாமல் மன்னிப்புக் கிடையாது என்ற நிலைப்பாட்டைக் கதைக்குள் சொல்கிறவன் அவன் மட்டுமே. அவன் வாசற்படியில் நின்றபடி பேசியதைத்தான் பிற்காலத்தவர் எடுத்துத் தந்தையின் வாயில் வைத்தார்கள்.

யூதர்களின் பலிமுறையே தண்டனை மாற்றந்தானே என்று உடனே லேவியராகமத்தைத் திறப்பார்கள். திறக்கட்டும். அதன் 5ஆம் அதிகாரத்தில், ஆட்டுக்கும் புறாவுக்கும் வசதியில்லாத ஏழை, ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைப் பாவநிவாரண பலியாகக் கொண்டுவரலாம் என்று விதி இருக்கிறது. அவனுக்கும் மன்னிப்பு உண்டு. மாவுக்கு எந்தத் தண்டனையை எப்படி நிறைவேற்றினார்கள் என்பதைக் கோட்பாட்டுக்காரர்தான் விளக்க வேண்டும். 16ஆம் அதிகாரத்தின் பாவநிவாரண நாளில் இரண்டு ஆடுகள். ஒன்று கொல்லப்பட்டு, அதன் இரத்தத்தால் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படுகிறது. அதன்மேல் யாரும் பாவத்தை ஏற்றுவதில்லை. ஆசாரியன் இரு கைகளையும் வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிடுவது மற்றதான போக்காட்டின் தலைமேல். அது உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. (பிற்காலத்தில் அதை மலைச்சரிவிலிருந்து தள்ளும் வழக்கம் வந்தது, லேவியராகமத்தில் அது இல்லை.) பாவத்தைச் சுமந்தது சாகவில்லை, செத்தது பாவத்தைச் சுமக்கவில்லை. பஸ்கா ஆட்டுக்கும் பாவமன்னிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. இரத்தம் இல்லாமல் மன்னிப்பில்லை என்று எபிரெயர் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தைக் காட்டுவோர், அந்த வசனமே ‘ஏறக்குறைய’ என்ற விதிவிலக்கோடுதான் தொடங்குகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அந்த விதிவிலக்கில் ஏழையின் மாவு இருக்கிறது.

ஏசாயா 53ஆம் அதிகாரமும் இப்படித்தான் பாதி வாசிக்கப்படுகிறது. துன்புறும் தாசனைக் கடவுள் அடித்தார் என்று ‘நாம் எண்ணினோம்’ என்பதே 4ஆம் வசனத்தின் தொனி. தாசனை நொறுக்கக் கர்த்தரே சித்தமானார் என்ற 10ஆம் வசனத்தைக் காட்டி மடக்குவோர் உண்டு. அதே வசனம் தாசனின் உயிரைக் குற்றநிவாரண பலி என்கிறது. பலி வேறு, தண்டனை வேறு என்பதை லேவியராகமமே காட்டிவிட்டது. பவுல் 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தில் கடவுள் கிறிஸ்துவில் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார். உலகம்தான் மனம் திரும்ப வேண்டியிருந்தது. கடவுளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்ததாக அங்கே பேச்சில்லை.

இனி திருச்சபையின் வரலாறு. 325இல் நிசேயாவில் தொடங்கி 787இல் மீண்டும் நிசேயாவில் முடியும் ஏழு பொதுச் சங்கங்கள் கிறிஸ்து யார் என்பதை மயிர் பிளந்து ஆராய்ந்தன. சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு ஒரு கோட்பாட்டைக்கூட அவை வரையறுக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரின் ஐரேனியஸ், ஆதாம் கெடுத்த மனித வாழ்வைக் கிறிஸ்து முதலிலிருந்து மறுபடி வாழ்ந்து சீராக்கினார் என்றார். நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ், அழிந்துகொண்டிருந்த மனித இயல்பைக் கடவுள் தாமே ஏற்று அழியாமையை ஊட்டினார் என்றார். நிசாவின் கிரகோரி சொன்னது ஒரு தூண்டில் கதை: இயேசுவின் மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வத்தன்மை முள், விழுங்கிய பிசாசு மாட்டிக்கொண்டது. அகுஸ்தீன் அதையே எலிப்பொறியாக்கினார். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பிசாசு ஏமாறும் அந்தக் கதையில் தகப்பன் பிள்ளையை அடிக்கவில்லை. நசியான்சின் கிரகோரிக்கு அதுவும் பிடிக்கவில்லை. மீட்கும் விலை பிசாசுக்குக் கொடுக்கப்பட்டது என்பது அவமானம் என்றார். தந்தைக்கா என்றால், ஈசாக்கைப் பலியாக ஏற்காதவர் சொந்த மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்று கேட்டார். அந்தக் கேள்வி எழுந்து ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பதிலாக இன்றும் நீதிபதி கதைதான் வருகிறது. சபைத் தந்தையரின் எழுத்தில் தண்டனைச் சொற்கள் ஆங்காங்கே உண்டு. அவற்றைப் பொறுக்கிக் கோட்பாட்டுக்காரர் 2007இல் ஒரு தடித்த புத்தகத்தில் அடுக்கினார்கள். சொல் கிடைப்பது வேறு, கோட்பாடு கிடைப்பது வேறு.

கோட்பாட்டுக்காரர் தங்கள் மூதாதை என்று கைகாட்டுவது கான்டர்பரியின் பேராயர் அன்செல்மை. இங்கிலாந்து அரசனோடு முரண்பட்டு இத்தாலியில் நாடுகடந்து வாழ்ந்தபோது, 1098இல், கடவுள் ஏன் மனிதரானார் என்பதைப் பற்றிய தம் நூலை அவர் முடித்தார். பிசாசுக்குக் கடன் என்ற பேச்சையே ஒழித்துக்கட்டிய பெருமை அவருடையது. அவர் வாழ்ந்தது பிரபுக்களின் மானம் சமூகத்தைத் தாங்கிய காலம்; அவமதிக்கப்பட்டவரின் தகுதி எவ்வளவோ அவ்வளவு பெரிய ஈடு தேவை. எல்லையற்ற கடவுளுக்கு நேர்ந்த அவமதிப்புக்கு மனிதன் ஈடு தர வேண்டும், ஆனால் கடவுளால்தான் முடியும். எனவே கடவுள்-மனிதர் தேவை என்பது அவர் தர்க்கம். அந்தத் தர்க்கத்தின் அச்சாணியே ‘ஈடு அல்லது தண்டனை’ என்ற தேர்வு. ஈடு கொடுக்கப்பட்டால் தண்டனை இல்லை. கிறிஸ்து தண்டிக்கப்பட்டார் என்பதல்ல, தண்டனையே வேண்டாதபடி தம் உயிரைத் தாமாக முன்வந்து காணிக்கையாக்கினார் என்பதே அன்செல்ம் சொன்னது. தண்டனைக் கோட்பாட்டின் தந்தை என்று கொண்டாடப்படுபவர், தண்டனையே வேண்டியதில்லை என்று காட்டிய நூலை எழுதியவர்! இருந்தும் கெட்ட குமாரனின் தகப்பன் அன்செல்மிடமும் தப்பிவிடுகிறார். அவருக்கும் மானம் போயிருந்தது; ஊரார் பார்க்க வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடியவர் எந்த ஈட்டையும் கேட்கவில்லை.

அடுத்த தலைமுறையில் அபெலார்ட், சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனிதரின் மனத்தில் அன்பைப் பற்றவைப்பதே மீட்பு என்றார். கிளேர்வோவின் பெர்னார்டு சும்மா விடவில்லை; அபெலார்டின் கருத்துகள் சான்ஸ் நகரச் சங்கத்தில் கண்டிக்கப்பட்டன.

கோட்பாடு தன் முழு உருவத்தை அடைந்தது பதினாறாம் நூற்றாண்டில், கால்வினிடம். அவர் ஓர்லியான்சிலும் பூர்ஜிலும் சட்டம் படித்தவர். 1559இல் இறுதி வடிவம் பெற்ற அவருடைய பெருநூலில் கடவுள் நீதிபதி, மனிதன் குற்றவாளி, கிறிஸ்து அவன் இடத்தில் நிற்பவர். அன்செல்மின் மானப் பிரச்சினை இங்கே குற்றவியல் வழக்காகிவிட்டது. இதைக் கேள்விகேட்டவர் இத்தாலியரான சொசீனஸ். 1594இல் அச்சான நூலில் அவர் எளிமையாகக் கேட்டார்: கடன் மன்னிக்கப்பட்டதா, கட்டப்பட்டதா? கட்டிவிட்டால் மன்னிப்பு எங்கே? பணக்கடனைப் பிறர் தீர்க்கலாம், தண்டனையை எப்படிக் கைமாற்றுவது? விடையாக 1598இல் கிராக்கூ நகரில் ஒரு கும்பல் அவர் வீட்டில் புகுந்து நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் அழித்தது. நாகரிகமான விடையை 1617இல் டச்சுச் சட்ட அறிஞர் குரோசியஸ் எழுதினார். அவர் வாதாடி முடித்தபோது கடவுள் நீதிபதியாகக்கூட இல்லை. சட்டத்தைத் தளர்த்தும் உரிமையுள்ள ஆட்சியாளராகி, சிலுவை பொது ஒழுங்கைக் காட்டும் எச்சரிக்கையாகிவிட்டது. வழக்கைக் காப்பாற்ற வந்த வக்கீல் வழக்கையே மாற்றிவிட்டார். 1793இல் காண்ட், ஒழுக்கக் கடன் பணக்கடனைப்போலக் கைமாற்றத்தக்கதல்ல என்று மறுபடி சொன்னார். மேடைக் கதையில் அபராதத்தை விட்டு வேறெந்தத் தண்டனையும் நுழையாத காரணம் இதுவே.

கோட்பாடு எவ்வளவு இறுகிவிட்டது என்பதை ஒரு பாட்டு காட்டும். கீத் கெட்டியும் ஸ்டூவர்ட் டவுனெண்டும் 2001இல் எழுதிய புகழ்பெற்ற பாடலில், சிலுவையில் கடவுளின் கோபம் தீர்ந்தது என்று ஒரு வரி வரும். அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபையின் 2013ஆம் ஆண்டுப் பாட்டுப்புத்தகக் குழு, கோபத்தை அன்பாக மாற்ற அனுமதி கேட்டது. எழுதியவர்கள் மறுத்தார்கள். குழு 9க்கு 6 என்ற வாக்கில் பாட்டையே விட்டுவிட்டது. உடனே சுவிசேஷமே கைவிடப்பட்டது என்று கூக்குரல். நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் கடவுளின் கோபம் என்ற பேச்சே கிடையாது. அதற்காக எந்தக் காலத்திலும் யாரும் கூச்சலிட்டதில்லை. இயேசுவின் பாடுகளைப் பற்றி 2004இல் வந்த மெல் கிப்சனின் திரைப்படம் வேறு, சாட்டையடியைத் தசை கிழியக் காட்டி, பட்ட அடியின் அளவே மீட்பின் அளவு என்ற எண்ணத்தை வளர்த்தது. நான்கு சுவிசேஷகரில் மூவர் அந்தச் சாட்டையடியைப் போகிற போக்கில்தான் குறிப்பிடுகிறார்கள். லூக்கா சாட்டையடி நடந்ததைக் காட்டவே இல்லை.

கோட்பாடு ஏட்டோடு நின்றிருந்தால் இவ்வளவு கோபம் தேவையில்லை. விலை கட்டியாயிற்று என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டு, புற்றுநோய்க்கும் சேர்த்துத்தான் கட்டியாயிற்று, குணமாகாவிட்டால் விசுவாசக் குறைவு என்று காணிக்கைப் பையோடு வரும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அப்பாவி மௌனமாகத் துன்பப்படுவது கடவுளுக்குப் பிரியம் என்று கற்றுக்கொண்ட போதகர், கணவனிடம் அடிவாங்கும் பெண்ணைச் சிலுவையைச் சுமக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார். டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் இதை நேராகத் தொட்டார்: பிறருக்குப் பதிலாக உழைக்கவும் பிள்ளை வளர்க்கவும் கட்டாயப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களுக்கு, பதிலாளாகத் துன்புறுவதே மீட்பு என்று சொல்வது எப்படி நற்செய்தியாகும்? ஈடு கேட்கும் மீட்பு இறையியலும் மேற்கின் கொடூரமான தண்டனை முறைகளும் ஒன்றையொன்று வளர்த்ததை டிமோத்தி கோரிஞ்ச் 1996இல் நூலாகவே எழுதினார். அடித்தால்தான் நீதி என்று கடவுளைப்பற்றி நம்புகிறவன், பிள்ளையை வளர்ப்பதிலும் அதையேதான் செய்வான். கெட்ட குமாரனின் தகப்பனைப் படித்தவன் அப்படிச் செய்ய முடியாது.

மாற்றுவழி இல்லாமலும் போகவில்லை. 1930இல் சுவீடனின் குஸ்டாப் ஆலன், மரணத்தையும் தீமையையும் கிறிஸ்து வென்றார் என்பதே ஆதித் திருச்சபையின் பார்வை என்று மீட்டெடுத்தார். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூரின் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, 1927இல் யோவான் சுவிசேஷத்தை நீதிமன்ற மொழியில் அல்லாமல் பக்தி மார்க்கமாக வாசித்துக் காட்டினார். அவர் நூலைத் தேடிப்பிடிக்கும் சிரமத்தைவிட நீதிபதி கதையை மறுபடி சொல்வது போதகர்களுக்கு எளிதாக இருக்கிறது.

பதிலாள் தண்டனை ஒரு கோட்பாடு. பிற்காலத்தது, மேற்கத்தியது, சட்டம் படித்தவர்கள் வார்த்தது. அது சுவிசேஷம் அல்ல. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் அதைத் தங்கள் கோட்பாடாக என்றும் ஏற்றதில்லை. அந்தத் திருச்சபைகளில் உயிர்த்தெழுதல் பெருவிழா இன்றும் ஆண்டுதோறும் குறைவில்லாமல் நடக்கிறது.