ஏலக்காய் எண்ணெயும் நூலகத் தேடலின் முதல் வரியும்

போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு வரும் ஏலக்காயில் பெரும்பகுதி போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு வட்டாரத் தோட்டங்களில் விளைந்து, ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் உலர்ந்து மலையிறங்குவது. அதன் விதையிலிருந்து நீராவியில் வடித்தெடுக்கும் எண்ணெயில் பல பத்துக் கரிமச் சேர்மங்கள் கலந்துள்ளன. பெரும்பங்கு 1,8-சினியோலும் ஆல்ஃபா-டெர்பினைல் அசிட்டேட்டும். மற்றவற்றை அடையாளம் காண்பது பற்றிக் கல்லூரி ஆய்வகங்களிலும் சான்றிதழ் கேட்கும் வணிகர்களிடமும் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது: ஜிசி-எம்எஸ் (வாயு நிறப்பிரிகை–நிறை நிறமாலை) கருவியில் ஒரு துளி செலுத்தினால் போதும், கூடவே வரும் தரவுத்தளம் ஒவ்வொரு சேர்மத்தின் பெயரையும் சொல்லிவிடும். இந்தக் கருத்து தவறு. தரவுத்தளம் தருவது வேட்பாளர் பட்டியல் மட்டுமே. அதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேறு சான்றுகள் வேண்டும்.

கருவி செய்வது இதுதான். எண்ணெய் ஆவியாகி, பல மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய்க்குள் வாயுவோடு நகர்கிறது. சேர்மங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளிவருகின்றன. வெளிவரும் மூலக்கூறை 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் தாக்கி உடைக்கின்றன. துண்டுகளின் நிறைகளும் அவற்றின் அளவுகளும் சேர்ந்ததே நிறை நிறமாலை. அதை மென்பொருள் நூலகத்திலுள்ள நிறமாலைகளோடு ஒப்பிட்டு, 999க்கு இத்தனை என்று பொருத்த எண் போட்டு வரிசைப்படுத்துகிறது. பரவலாகப் பயன்படுவது அமெரிக்காவின் நிஸ்ட் நூலகம். அதன் 2023 பதிப்பில் ஏறத்தாழ 3.5 லட்சம் சேர்மங்கள் உள்ளன. 900க்கு மேல் வந்தால் மிக நல்ல பொருத்தம் என்பது பொது வழக்கு. முதல் வரியில் நிற்கும் பெயர் அப்படியே ஆய்வேட்டின் அட்டவணைக்குப் போய்விடுகிறது.

பொருத்த எண் உயர்ந்திருந்தால் பெயரும் சரி என்பது இந்தக் கருத்தின் முதல் தூண். ஏலக்காய் எண்ணெயே அதைச் சாய்த்துவிடுகிறது. ஆல்ஃபா-பைனீன், பீட்டா-பைனீன், சாபினீன், பீட்டா-பெல்லாண்ட்ரீன் ஆகிய நான்குக்கும் மூலக்கூறு நிறை 136. நான்கும் உடையும்போது 93 என்ற துண்டே ஓங்கி நிற்கிறது. ஒன்றன் நிறமாலையைக் கொடுத்துத் தேடினால் மற்றவையும் உயர்ந்த எண்ணோடு அடுத்தடுத்து வரும். முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் உள்ள சிறு வேறுபாட்டைக் கருவியின் அன்றைய நிலையே புரட்டிவிடக்கூடும். அசிட்டேட்டுகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. டெர்பினைல் அசிட்டேட்டின் மூலக்கூறு நிறை 196. அது அசிட்டிக் அமிலத்தை இழந்து 136 ஆகிவிடுவதால் 196 என்ற அடையாளம் நிறமாலையில் அநேகமாகத் தென்படுவதே இல்லை. அதே எண்ணெயிலுள்ள லினலைல் அசிட்டேட்டும் அதே நிறை கொண்டது, அதே வகையில் உடைவது. நிறமாலையை மட்டும் நம்புபவருக்கு இரண்டும் நெருங்கிய உறவினர்களாகவே தெரியும்.

இவற்றைப் பிரித்துக் காட்டும் சான்று, பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் வெளிவரும் நேரம்தான். நேரம் கருவிக்குக் கருவி மாறும். எனவே 1958இல் எர்வின் கோவாட்ஸ் அதை ஒரு பொது அளவுகோலுக்குக் கொண்டுவந்தார். நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் அதன் படிக்கற்கள்: பத்துக் கார்பன் உள்ள டெக்கேன் 1000, பதினொரு கார்பன் உள்ளது 1100, இப்படியே மேலே. ஒரு சேர்மம் எந்த இரு படிகளுக்கு நடுவே எங்கே வெளிவருகிறது என்பதே அதன் எண். நறுமண எண்ணெய் ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் ராபர்ட் ஆடம்ஸின் நூலில், வழக்கமான குறைமுனைவுக் குழாயில் லினலைல் அசிட்டேட்டுக்கு 1254, ஆல்ஃபா-டெர்பினைல் அசிட்டேட்டுக்கு 1346. நிறமாலையில் குழம்பிய இரண்டும் இங்கே தொண்ணூறு அலகு விலகி நிற்கின்றன. ஹைட்ரோகார்பன் கலவையை ஒருமுறை அதே நிலைமைகளில் ஓட்டினால் போதும், இந்த எண் கிடைத்துவிடும். இவ்வளவு எளிய சான்று எத்தனையோ அட்டவணைகளில் இல்லாமல் போவது வருத்தத்துக்குரியது.

கோவாட்ஸ் எண்ணும் தனித்து நின்றால் தடுமாறும். லிமோனீன் 1024, பீட்டா-பெல்லாண்ட்ரீன் 1025, சினியோல் 1026: ஏலக்காயின் முதன்மைச் சேர்மமே இரு துணைகளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வரைபடத்தில் ஒரே பீக்காக, அதாவது ஒரே முகடாக, தெரிவதன் நிறமாலை மூன்றின் கலவையாக இருக்கலாம். அளவில் பெரியது சினியோல் என்பதால் நூலகம் அதன் பெயரைச் சரியாகவே சொல்லும், மற்ற இரண்டும் காணாமல் போய்விடும். பீக்கின் தொடக்கத்திலும் உச்சியிலும் இறக்கத்திலும் தனித்தனியே நிறமாலை எடுத்துப் பார்ப்பதும், முனைவு மிகுந்த இன்னொரு குழாயில் திரும்ப ஓட்டுவதும்தான் இதற்கு வழி.

துல்லிய நிறைக் கருவிகள் வந்த பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது என்பது அடுத்த வாதம். நான்கு தசம இடம் வரை நிறையைச் சொல்லும் கருவி மூலக்கூறு வாய்பாட்டைத் தரும், அமைப்பைத் தராது. சினியோல், லினலூல், ஆல்ஃபா-டெர்பினியோல், டெர்பினென்-4-ஆல், ஜெரானியோல் அனைத்தும் பத்துக் கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் கொண்டவை. அத்தனைக்கும் நிறை 154.1358. போடியில் காயைச் சலிக்கும் எட்டு மில்லிமீட்டர்ச் சல்லடை பருமனைப் பிரிக்குமே தவிர மணத்தைப் பிரிக்காது. நிறையும் அப்படிப்பட்ட சல்லடைதான், எவ்வளவு நுண்மையாக்கினாலும். ஆடிப்பிம்ப மாற்றியங்களிடம் சாதாரணக் குழாயும் நிறமாலையும் சேர்ந்தே தோற்கும். இயற்கை எண்ணெயில் செயற்கை லினலூல் கலந்திருக்கிறதா என்று பார்க்க, வலக்கை இடக்கை வடிவங்களைப் பிரிக்கும் தனிக் குழாய் தேவைப்படுவது இதனால்தான்.

தரவுத்தளத்தில் எல்லாமே இருக்கிறது என்ற நம்பிக்கையும் ஆய்வுக்குத் தாங்காது. பப்கெம் என்ற வேதிச் சேர்மத் தரவுத்தளத்தில் 11 கோடிக்கு மேற்பட்ட சேர்மங்கள் பதிவாகியுள்ளன. நிஸ்ட் நூலகத்தின் 3.5 லட்சத்தை அதோடு ஒப்பிட்டால், அளந்த நிறமாலை உள்ளவை எவ்வளவு சிறுபான்மை என்பது புரியும். மேலும், நூலகத்தில் இல்லாத பொருளைக் கொடுத்தாலும் தேடல் வெறுங்கையோடு திரும்பாது. இருப்பவற்றில் நெருக்கமானதை முதல் வரியில் நிறுத்தும். பதினைந்து கார்பன் கொண்ட செஸ்குவிடெர்பீன்களில் இது அடிக்கடி நேர்கிறது. சென்னை கணித அறிவியல் நிறுவனம் உருவாக்கிய இம்பாட் தரவுத்தளத்தின் 2.0 பதிப்பு 4,010 இந்திய மூலிகைகளையும் 17,967 தாவரச் சேர்மங்களையும் தொகுத்துள்ளது. எந்தச் செடியில் எது பதிவாகியிருக்கிறது என்று பார்க்க அது அரிய உதவி. ஆனால் இத்தகைய தொகுப்புகள் வெளியான ஆய்வுகளிலிருந்து எழுபவை. ஒரு தவறான பெயர் அச்சேறிவிட்டால் தொகுப்புக்குள் நுழைந்து, அடுத்த ஆய்வாளருக்குச் சான்றாகத் திரும்பி வர வழியுண்டு.

அச்சிட்ட பட்டியலில் இருப்பதெல்லாம் செடியில் இருந்தது என்ற எண்ணம் இவற்றிலெல்லாம் அதிகத் தீங்கு செய்வது. 207, 281 என்ற துண்டுகளோடு வரும் சிலாக்சேன்கள் குழாயின் உட்பூச்சிலிருந்தும் ஊசி செலுத்தும் வாயின் ரப்பர் வில்லையிலிருந்தும் கசிபவை. எந்த ஏலச்செடியும் சிலிக்கானை வைத்து இவற்றைச் செய்வதில்லை. 149 என்ற துண்டு தாலேட்டுகளின் முத்திரை. மூட்டைக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் உறை, ஆய்வகக் குழல்கள், கரைப்பான் புட்டி என எதிலிருந்தும் அவை வரலாம். இருந்தும் இரண்டும் மருத்துவக் குணமுள்ள தாவரச் சேர்மங்கள் என்ற தலைப்பின் கீழ் அச்சாவது வழக்கமாகிவிட்டது. மாதிரி இல்லாமல் கரைப்பானை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். வடிக்கும்போதே பிறப்பவையும் உண்டு: நீராவியின் வெப்பத்தில் அசிட்டேட்டுகளில் ஒரு பங்கு நீராற்பகுப்படைந்து ஆல்கஹாலாகிறது. எண்ணெயில் காணும் டெர்பினியோல் முழுவதும் காயில் இருந்ததுதான் என்று சொல்லிவிட முடியாது.

வணிகத்தை நேரடியாகத் தொடும் இடம் பூச்சிக்கொல்லி எச்சம். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகள் வரம்புக்கு மேல் இருப்பதாக வந்த அறிக்கையை வைத்துக் கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பிரசாதத்தின் விற்பனையை நிறுத்தியது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. எச்சப் பரிசோதனை நடக்கும் முறையே வேறு. குயினால்ஃபாஸ், குளோர்பைரிஃபாஸ், சைபர்மெத்ரின் என்று முன்கூட்டியே குறித்த பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தூய ஸ்டாண்டர்டு வைத்து, அதன் வெளிவரும் நேரத்தையும் துண்டுகளின் விகிதத்தையும் ஒப்பிடுகிறார்கள். அங்கே பெயருக்கு உறுதி அதிகம். ஆனால் ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்குப் பொருள், பட்டியலிலுள்ளவை கண்டறியும் வரம்புக்கு மேல் இல்லை என்பது மட்டுமே. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்தைப் பற்றி அந்தச் சான்றிதழ் எதுவும் சொல்வதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு தரவுத்தளத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதில்லை. அது இல்லையென்றால் தேடலைத் தொடங்கவே முடியாது. வளர்சிதைப் பொருள் ஆய்வாளர்கள் 2007இல் வகுத்த நான்கு நிலைகள் அதற்குரிய இடத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. அதே ஆய்வகத்தில் ஸ்டாண்டர்டோடு இரு தனித்தனிப் பண்புகள் ஒத்தால் முதல் நிலை. நூலகப் பொருத்தம் மட்டும் இருந்தால் இரண்டாம் நிலை, அதாவது தற்காலிகப் பெயர். சேர்மத்தின் வகை மட்டும் தெரிந்தால் மூன்றாவது, எதுவும் தெரியாதது நான்காவது. நம் ஆய்வேடுகளில் பெரும்பாலும் இரண்டாம் நிலைப் பெயர்களே முதல் நிலை போல அச்சாகின்றன. அளந்த கோவாட்ஸ் எண், நூலிலுள்ள எண், பொருத்த எண், ஸ்டாண்டர்டு வைத்ததா இல்லையா என்ற நான்கையும் ஒவ்வொரு வரியிலும் தந்து, பெயர் தெரியாத பீக்கைத் ‘தெரியாதது’ என்றே விட்டுவைக்கும் அட்டவணை அதைவிடப் பயனுள்ளது.

அப்படித் ‘தெரியாதது’ என்று நிற்கும் பொருள் முக்கியமானதாகப் பட்டால், அதைச் சில மில்லிகிராமாவது தனியே பிரித்தெடுத்து என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுக்க வேண்டும். சென்னை ஐஐடியிலுள்ள பொதுக் கருவி மையம் போன்ற இடங்களுக்கு மாதிரி அனுப்பி இதைச் செய்துகொள்ளலாம். கார்பன் நிறமாலை, வெவ்வேறு சூழலிலுள்ள கார்பன்கள் எத்தனை என்பதைக் காட்டும்; ஹைட்ரஜன் நிறமாலை எது எதற்கு அண்டையில் இருக்கிறது என்பதைக் காட்டும். அமைப்பை இப்படி வரைந்த பிறகு, ஏறத்தாழ 34,000 சேர்மங்களின் நிறமாலைகளைத் தாங்கிய ஜப்பானின் எஸ்டிபிஎஸ் போன்ற தரவுத்தளத்தில் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். அங்கும் இல்லையென்றால், வரைந்த அமைப்பை ஆய்வகத்தில் தொகுத்து, இரண்டின் நிறமாலைகளும் வெளிவரும் நேரமும் ஒன்றுதானா என்று பார்ப்பதே எஞ்சியிருக்கும் வழி.