அப்பாவோட பி.எஸ்.ஏ ரிப்போர்ட்டும் உங்க எமர்ஜென்சி ஃபண்டும்



எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தார்: "எனக்கு நிரந்தர வேலை, எனக்கு எதுக்கு?" அதுக்குப் பதில் எங்க வீட்டுலயே இருக்கு.

எங்க ஊர் கோவில்பட்டி பக்கம். கரிசக்காட்டுல உளுந்தும் பருத்தியும் போட்டுட்டு மழைக்குக் காத்திருந்த அப்பாக்கள், ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிச்சாலும் மகன்கிட்ட சொல்ல மாட்டாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான். திடீர்னு ஒருநாள் வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் வந்துச்சு. பி.எஸ்.ஏ 11. பொதுவா 4-க்குள்ள இருக்கணும்பாங்க. "கேன்சரா இருக்கலாம், ஆபரேஷனுக்கு நாலு லட்சம் ரெடி பண்ணிக்கோங்க"ன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நான் சென்னை ஆபீஸ்ல உட்கார்ந்து பெர்சனல் லோன் ஆப்பைத் திறந்துட்டேன்.

அங்கதான் தப்பு. பி.எஸ்.ஏ கூடினாலே கேன்சர்னு அர்த்தம் கிடையாது. வயசானா வர்ற புரோஸ்டேட் வீக்கம், யூரின் இன்ஃபெக்‌ஷன், டியூப் போட்டது, எல்லாமே அதை ஏத்தும். இன்னொரு யூராலஜிஸ்ட்கிட்ட போனோம். இன்ஃபெக்‌ஷன் இருந்துச்சு. மருந்து கொடுத்து, ஆறு வாரம் கழிச்சு எடுத்தா 7. அப்புறம் எம்.ஆர்.ஐ, அதுல சந்தேகம், அதனால பயாப்ஸி. கேன்சர்தான். ஆனா கிளீசன் ஸ்கோர் 6, அதாவது ரொம்ப மெதுவா வளர்ற வகை. அந்த ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி வேற ஒரு லேப்ல காட்டினோம். அங்கயும் அதே 6. இப்போ ஆபரேஷன் இல்ல, தொடர் கண்காணிப்புதான். "ஏய்யா, நோயை உள்ள வச்சுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லுதாகளே?"ன்னு அப்பா கேட்டார்.

நியாயமான கேள்வி. பிரிட்டன்ல ஆரம்ப நிலையில இருந்த 1,643 பேரை மூணு குரூப்பாப் பிரிச்சாங்க: ஆபரேஷன், ரேடியேஷன், கண்காணிப்பு. 15 வருஷ முடிவு 2023-ல வந்துச்சு. மூணு குரூப்லயும் இந்த நோயால இறந்தவங்க சுமார் 3 சதவீதம்தான். கண்காணிப்புல இருந்தவங்களுக்கு நோய் பரவினது அதிகம், அதனால டெஸ்ட்டைத் தவற விடக்கூடாது. இன்னொரு பக்கம், 2025 மே மாசம் ஜோ பைடனுக்குக் கண்டுபிடிச்சப்போ ஸ்கோர் 9, எலும்புக்கே பரவியிருந்துச்சு. ரெண்டுக்கும் பேர் ஒண்ணுதான், நோயோட வேகம் வேற. அது எந்த வகைன்னு தெரியாம லட்சக்கணக்குல செலவு பண்றதும் தப்பு, சும்மா இருக்கறதும் தப்பு.

என் கருத்து இதுதான்: செகண்ட் ஒப்பீனியன் டாக்டரை அவமதிக்கிற விஷயம் இல்ல. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். திருநெல்வேலி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்லயே யூராலஜி இருக்கு. சென்னை அடையாறுல 1954-ல ஆரம்பிச்ச கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கு.

இப்போ பணக் கணக்கு:

• ரிப்போர்ட், எம்.ஆர்.ஐ சிடி, பயாப்ஸி ஸ்லைடு, பிளாக் எல்லாத்தையும் கேட்டு வாங்கிப் பத்திரமா வைங்க. ரெண்டாவது தடவை அதே டெஸ்டுக்குச் செலவு மிச்சம்.

• பெரும்பாலான பாலிசிகள்ல அட்மிட் ஆகறதுக்கு முந்தின 30 அல்லது 60 நாள் டெஸ்ட் செலவு கிளெய்ம் ஆகும். பில்லைத் தூக்கிப் போடாதீங்க.

• 60 தாண்டின அப்பாவுக்குப் பாலிசியே இல்லைன்னாலும், பழைய வரி முறையில 50,000 ரூபாய் வரை மருத்துவச் செலவைக் காட்டலாம். கேஷா கொடுத்தா கணக்குல வராது.

• முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டுல இருக்கான்னு தேடுங்க. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கவர்.

எங்களுக்கு அந்த ஃபண்ட் வாங்கிக் கொடுத்தது ரெண்டு மாச நிதானம். நாலு லட்சம் லோனும், அப்பாவுக்குத் தேவையில்லாத ஒரு ஆபரேஷனும் தப்பிச்சது அதனாலதான்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் போடுங்க. "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்ட பிறகு, "ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்கப்பா?"ன்னும் கேளுங்க.