சிவப்பு ஐரிஸாம், சிவப்பு!

அமெரிக்க நர்சரி கேட்டலாக் எதையாவது எடுத்துப் பாருங்க. தாடி ஐரிஸ் பக்கத்துல 'ரெட்'னு நாலு பூவாவது இருக்கும். படத்துல தீயா எரியும். நேர்ல பாத்தா பீட்ரூட் வேகவெச்ச தண்ணியில காபியைக் கலந்த நிறம். அரக்குன்னு சொல்லுங்க, பிரவுன்னு சொல்லுங்க, சிவப்புன்னு மட்டும் சொல்லாதீங்க சாமி.

"யாவாரம்னா அப்படித்தான்"னு சிலர் சப்பைக்கட்டு கட்டுவாங்க. வாங்கி வெச்சு அழகு பாக்கறவருக்கு வேணா அது சரி. ஒரு பூவோட மகரந்தத்தை இன்னொண்ணுல தடவி புது நிறம் கொண்டுவரப் பாக்கறாரே, அவருக்கு? இன்னிக்குக் கலப்பு செஞ்சா, விதை முளைச்சு பூ பாக்க ரெண்டு மூணு வருஷம். 'ரெட்'டையும் 'ரெட்'டையும் கலந்தா, அத்தனை வருஷம் கழிச்சு இன்னும் கொஞ்சம் அரக்குதான் கிடைக்கும்.

காரணம் கெமிஸ்ட்ரி. தாடி ஐரிஸோட ஊதா, நீலம் எல்லாம் டெல்ஃபினிடின் வகையறா. ஜெரேனியத்துக்குச் செக்கச்சிவப்பைக் குடுக்கற பெலார்கோனிடின் இதுல கிடையாது. இவங்க 'ரெட்'டுங்கறது பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சு கரோட்டினாய்டு மேல ஊதாவை ஏத்தின கலவை. மஞ்சளும் ஊதாவும் சேந்தா என்ன வரும்னு வாட்டர் கலர்ல விளையாடின பொடிப்பயலுக்கே தெரியும்.

"பிங்க் கூடத்தான் இல்லாம இருந்துச்சு. இல்லினாய்ஸ்ல டேவிட் ஹால்னு ஒரு வக்கீல் அதுக்காக வருஷக்கணக்கா மெனக்கெடலையா? அவரோட 'ஷெரி' 1951ல டைக்ஸ் மெடலே வாங்குச்சே?" வாங்குச்சு. ஆனா அந்த பிங்க்குக்கு வேண்டிய நிறமி செடிக்குள்ளயே ஒளிஞ்சு கிடந்தது. லைகோபீன், அதாவது தக்காளியோட சிவப்பு. ஒடுங்கு பண்பு. இப்போதைய உயரமான ரகங்கள்ல குரோமோசோம் நாலு செட். நாலு பிரதியும் பிங்க் ஜீனா இருந்தாத்தான் வெளிய தெரியும். நாலுல ரெண்டு வெச்சிருக்கற செடிகளைத் தங்களுக்குள்ள கலந்தா 36ல ஒண்ணு தேறும். ரெண்டு செட் செடியா இருந்திருந்தா 4ல ஒண்ணு. கஷ்டம்தான், ஆனா மனுஷன் தேடினது உள்ள இருந்ததை.

"ஜீனையே மாத்திட்டாப் போச்சு"ன்னு நம்ம சாஃப்ட்வேர் மக்கள் கிளம்புவாங்க. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துல 'ஃபயர் பிரைட்'ங்கற ரகத்துக்குள்ள பாக்டீரியா ஜீன் ஒண்ணை ஏத்திப் பாத்தாங்க. 2014ல முடிவு வெளியாச்சு. பூத்தண்டு ஆரஞ்சாச்சு, மகரந்தப்பை பிங்க் ஆச்சு. இதழ்? சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் மாறலை :-)

நிஜச் சிவப்புக்கு வழின்னு ஒண்ணு இருந்தா அது லைகோபீன் பக்கம்தான். கீழ் இதழ் மேல ரோமக்கற்றை மாதிரி இருக்கே, அந்தத் தாடியில சிவந்த ஆரஞ்சு ஏற்கெனவே வந்தாச்சு. இதழுக்கு இறக்கணும்னா பிங்க்கையும் ஆரஞ்சையும்தான் கலந்துக்கிட்டே போகணும். அரக்குக்கு 'ரெட்'னு பேர் வெச்சு விக்கறவங்க அந்த ஆளை நேர் எதிர்ப்பக்கம் அனுப்பறாங்க. ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியோட நிற அட்டைன்னு ஒண்ணு இருக்கு. அதை இதழ் பக்கத்துல வெச்சுப் பாத்து, நம்பரைப் படத்துக்குக் கீழ போட்டா யாவாரம் என்ன படுத்துடுமா?